ஏழு மணி வகுப்பு

மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டோம் என்று ஊருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அம்மா பள்ளியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். பெயரின் பின்பாதியில் 'வில்லேஜ் காலேஜ்' என்று வருகிறதே என்பதை உடனே பிடித்துக்கொண்டார். "பதினோரு வயசுலயே காலேஜாடா?" என்ற குரலில் பெருமையும் சந்தேகமும் சமமாக இருந்தன. அது உயர்நிலைப் பள்ளிதான், பெயர் மட்டும் அப்படி என்று விளக்கினேன். "அப்ப எதுக்கு அந்தப் பேரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை. பேச்சை மாற்றிவிட்டேன்.

அது 2005. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகருக்கு வெளியே, பீட்ரூட்டும் கோதுமையும் விளையும் தட்டையான நிலத்தின் நடுவே ஒரு கிராமத்தில் அப்போது குடியிருந்தோம். நகரத்தில் வாடகை கட்டுப்படியாகவில்லை என்பதைத் தவிர அங்கே போனதற்கு வேறு காரணம் இல்லை. காலையில் சுற்றுவட்டாரக் கிராமங்களின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் வரிசையாக அந்தப் பள்ளிக்குள் நுழையும். மூன்றரை மணிக்கு அதே வரிசையில் வெளியேறும். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அக்டோபர் மாதம் ஒரு மாலை, மகள் விட்டுவந்த மேலங்கியை எடுத்துவரப் போனபோது இரவு ஏழு மணிக்கு வாகன நிறுத்தம் நிறைந்திருந்தது. எல்லா ஜன்னல்களிலும் விளக்கு. ஒரு அறையில் நரைத்த தலைகள் ஸ்பானிய மொழியில் எதையோ கோரஸாகச் சொல்லிக்கொண்டிருந்தன. இன்னொன்றில் ஒரு பெரியவர் முழங்கைவரை களிமண்ணோடு நின்றார். பெற்றோர் கூட்டமோ என்று தயங்கி நின்ற என்னிடம் ஒரு பெண்மணி வந்து, எந்த வகுப்புக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

அம்மாவின் கேள்விக்கு விடை அந்த வளாகத்தில்தான் இருக்கிறது என்று அன்று தோன்றியது. தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்தப் பெயர் ஒரு மனிதருடையது. ஹென்றி மோரிஸ். 1889இல் லங்காஷயரின் சவுத்போர்ட் என்ற கடலோர ஊரில், குழாய் வேலை செய்பவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுவிட்டு உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். பிறகு தன் முயற்சியில் வேல்ஸின் லாம்பீட்டரிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும், முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பியபின் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரியிலும் படித்தார். 1922இல் கேம்பிரிட்ஜ்ஷயர் மாவட்டத்தின் கல்வி அதிகாரியானார். 1954இல் ஓய்வு பெறும்வரை அதே நாற்காலி. முப்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு மாவட்ட அதிகாரியாகவே இருந்த ஒருவரைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள் என்பதே சற்று விசித்திரம். ஹாரி ரே எழுதிய வாழ்க்கை வரலாறு 1973இல் வெளிவந்தது. கோப்புகளின் உலகத்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிய புத்தகத்தை ஒரே மூச்சில் படிக்க முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

அவர் பொறுப்பேற்றபோது அந்த மாவட்டத்தின் நிலையை இன்றைய கேம்பிரிட்ஜை வைத்துக் கற்பனை செய்யக் கூடாது. பல்கலைக்கழகம் ஒரு தீவு. அதைச் சுற்றி ஏழை விவசாய நிலம். 1870களில் தொடங்கிய வேளாண் வீழ்ச்சி போர்க்காலத்தில் சற்றே நின்றது. விளைபொருளுக்கு விலை உத்தரவாதம் அளித்த சட்டத்தை அரசு 1921இல் திரும்பப் பெற்றதும் மீண்டும் தலைகீழானது. இளைஞர்கள் நகரங்களுக்கு ஓடினார்கள். கிராமத்துப் பள்ளி என்பது பெரும்பாலும் தேவாலயத்துக்குச் சொந்தமான ஓரிரு அறைகள். ஐந்து வயதுக் குழந்தையும் பதினான்கு வயதுப் பையனும் ஒரே கூரையின் கீழ், பல சமயம் ஒரே ஆசிரியரிடம். 1918ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினான்கு வயதில் படிப்பு முடிந்தது. அதற்குமேல் படிக்க வேண்டும் என்றால் நகரத்துக்குப் போக வேண்டும். போனவன் திரும்புவதில்லை. கிராமம் தன் புத்திசாலிப் பிள்ளைகளைச் செலவு செய்து வளர்த்து நகரத்துக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது.

1924இல் மோரிஸ் ஓர் அறிக்கை எழுதினார். மாவட்டம் முழுவதற்கும் சுமார் பத்து மையங்கள். ஒவ்வொன்றும் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் பொதுவானது. பதினோரு வயதுக்கு மேற்பட்ட எல்லாப் பிள்ளைகளும் அங்கே படிப்பார்கள். இதுவரை புதுமை அதிகமில்லை. அவரது கூர்மை அடுத்த அடியில் இருந்தது. கிராமத்துக்கு நூலகம் தேவை, கூட்ட அரங்கம் தேவை, பெரியவர்களுக்கு மாலை வகுப்பு தேவை, வேளாண் பயிற்சி தேவை, குழந்தை நல மையம் தேவை, விளையாட்டு மைதானம் தேவை. இவை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு துறை ஒவ்வொரு மூலையில் தகரக் கொட்டகையாகக் கட்டும், ஒன்றும் உருப்படாது. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே இடத்தில், ஒரே நிர்வாகத்தில், நல்ல கட்டடமாகக் கட்டுங்கள் என்றார். பகலில் பிள்ளைகள், மாலையில் பெற்றோர். அதனால்தான் அதற்குப் பள்ளி என்று பெயர் வைக்கவில்லை. கேம்பிரிட்ஜ் கல்லூரிகளைப் போல ஒரு சமூகம் கூடி வாழும் இடம் என்ற பொருளில் 'கல்லூரி' என்றார். தலைமை ஆசிரியரை 'வார்டன்' என்று அழைத்தார். ஆக்ஸ்ஃபோர்டு கல்லூரிகள் சிலவற்றின் தலைவருக்கு இருக்கும் பட்டம் அது. பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல, மாலையில் வரும் விவசாயிக்கும் தாய்மாருக்கும் அவரே பொறுப்பு. (என் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சரியாத்தான் பேரு வச்சிருக்கான்" என்று அனுமதி வழங்கினார்.)

இதைச் செய்துமுடிக்க அவர் முதலில் தேவாலயங்களைத் தாண்ட வேண்டியிருந்தது. பெரிய பிள்ளைகளைத் தங்கள் பள்ளியிலிருந்து அனுப்பிவிட்டால் மத போதனை என்னாகும் என்பது ஆங்கிலிக்கன் திருச்சபையின் கவலை. மற்ற புராட்டஸ்டண்டு சபைகளுக்கு ஆங்கிலிக்கன் போதனை மேல் சந்தேகம். எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து 1924இலேயே பொதுவான சமயப் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கினார்கள். பிற மாவட்டங்கள் பலவும் பின்னாளில் அதை எடுத்துக்கொண்டன. அடுத்தது பணம். மாவட்டக் கருவூலம் காலி. கார்னகி அறக்கட்டளை முதலிய வெளி ஆதரவைத் தேடி அலைந்துதான் முதல் கல்லூரியைக் கட்டினார். காகித ஆலையும் தோல் பதனிடுதலும் நடந்துவந்த சாஸ்டன் கிராமத்தில் 1930 அக்டோபரில் அதைத் திறந்துவைத்தவர் அன்றைய வேல்ஸ் இளவரசர். பாட்டிஷமும் லிண்டனும் 1937இல் வந்தன. நான்காவது, இம்பிங்டன், 1939 செப்டம்பரில். போர் தொடங்கிய அதே மாதம்.

இம்பிங்டனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நான் அதை ஒரு வெளியாளாக ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். நாஜி ஜெர்மனியை விட்டு வெளியேறி 1934இல் இங்கிலாந்து வந்த பௌஹாஸ் நிறுவனர் வால்டர் கிரோப்பியஸ், ஆங்கிலேயரான மேக்ஸ்வெல் ஃப்ரையுடன் சேர்ந்து வரைந்த கட்டடம் அது. (கிரோப்பியஸுக்கு டார்ட்டிங்டனில் வேலை கொடுத்து ஆதரித்தவர்களில் ஒருவர் லெனர்ட் எல்ம்ஹிர்ஸ்ட், தாகூருக்காக 1922இல் ஸ்ரீநிகேதனைத் தொடங்கி நடத்திய அதே எல்ம்ஹிர்ஸ்ட். கிராமத்தைப் பள்ளியிலிருந்து எழுப்பிவிடலாம் என்ற கனவு அந்த ஆண்டுகளில் எங்கெல்லாம் உலவிக்கொண்டிருந்தது என்று எண்ணினால் வியப்பாக இருக்கிறது.) நிலம் கொடுத்தவர்கள் பக்கத்து ஊரில் ஜாம் தொழிற்சாலை வைத்திருந்த சிவர்ஸ் குடும்பத்தார். கட்டடம் எழுவதற்கு முன்பே, 1937இல் கிரோப்பியஸ் ஹார்வர்டுக்குப் போய்விட்டார். இங்கிலாந்தில் அவர் விட்டுச்சென்றவை கைவிரல்களுக்குள் அடங்கும்.

படங்களில் பார்த்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது. பழுப்பு மஞ்சள் செங்கல், தட்டைக் கூரை. நேரில் நடக்கும்போதுதான் புரிந்தது. அகலமான நடைக்கூடம் ஒன்று முதுகெலும்புபோல ஓடுகிறது. அதன் ஒரு பக்கம் விசிறி வடிவ அரங்கம். வகுப்பறைகள் ஒற்றைத் தளம். புல்வெளியைப் பார்த்த சுவர் முழுக்கக் கண்ணாடி, அதை மடித்து ஒதுக்கினால் வகுப்பே வெளியே போய்விடும். பெரியவர்களுக்கான பகுதி லேசாக வளைந்து, யாரையோ அணைக்கக் கை நீட்டியதுபோல் நிற்கிறது. முக்கியமான விஷயம், எந்தப் பக்கம் போவதானாலும் எல்லோரும் அந்த நடைக்கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையனும் தையல் வகுப்புக்கு வந்த பாட்டியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க முடியாது. நிர்வாக அறிக்கையில் ஒரு பத்தியாக இருந்ததைச் செங்கல்லால் கட்டாயமாக்கிவிட்டார்கள். இன்று அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடம்.

அங்கே இல்லாத ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகப்பில் ஒரு சிலை வைக்க வேண்டும் என்று மோரிஸும் கிரோப்பியஸும் ஹென்றி மூரைக் கேட்டிருந்தார்கள். தாய், தந்தை, நடுவே குழந்தை என்று மூர் யோசித்தார். 1944 வாக்கில் சிறு மாதிரிகள் பல செய்தார். பணம் திரளவில்லை. கடைசியில் பக்கத்து ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தின் கல்வி அதிகாரி முன்வந்து, ஸ்டீவனேஜ் நகரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு பள்ளிக்கு அதை வெண்கலத்தில் செய்யவைத்தார். அதே வார்ப்பின் பிரதிகளை இன்று லண்டனின் டேட் கூடத்திலும் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் பார்க்கலாம். யாருக்காக அந்தச் சிலை பிறந்ததோ அந்தக் கிராமத்தில் மட்டும் இல்லை. குடும்பம் முழுவதும் படிக்க வரும் பள்ளி என்ற எண்ணத்துக்கு அதைவிடப் பொருத்தமான சின்னம் இருந்திருக்க முடியாது.

மோரிஸ் ஓய்வு பெற்ற 1954இல் பேஸிங்போர்ன் திறந்தது. முப்பது ஆண்டு உழைப்பில் ஐந்து. அதற்குப் பிறகு, 1960இல் கோம்பர்டன் உட்பட, வேறு பல கல்லூரிகள் வரிசையாக எழுந்தன. ஆனால் எண்ணிக்கை கூடிய அதே காலத்தில் அமைப்பின் அடியில் ஒரு விரிசலும் விழுந்திருந்தது. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இடைநிலைக் கல்வியை எல்லோருக்கும் இலவசமாக்கியது. கூடவே பதினோரு வயதில் ஒரு தேர்வு. தேறியவர்கள் நகரத்து கிராமர் பள்ளிக்கு, மற்றவர்கள் 'நவீன இடைநிலைப் பள்ளி' எனப்பட்டதற்கு. கிராமக் கல்லூரிகள் இந்த இரண்டாவது பெட்டியில் விழுந்தன. எந்தப் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று மோரிஸ் நினைத்தாரோ, அவர்களைச் சட்டமே பேருந்தில் ஏற்றி அனுப்பியது. பின்னர், எல்லோரும் ஒரே பள்ளியில் என்ற ஒருங்கிணைந்த முறை எழுபதுகளில் கேம்பிரிட்ஜ்ஷயருக்கு வந்தபோதுதான் அந்தக் கல்லூரிகள் பகலிலாவது முழுக் கிராமத்துக்கும் உரியவையாயின. என் மகள் படித்தது இந்த மூன்றாம் அவதாரத்தில். பதினொன்று முதல் பதினாறு வயதுவரை. அதற்குமேல் கேம்பிரிட்ஜ் நகரத்துக் கல்லூரிகளுக்குப் போக வேண்டும்.

இனி நான் ஏழு மணி வகுப்புக்குத் திரும்புகிறேன்.

என் மனைவி தமிழ் இலக்கியம் படித்தவர். பத்தாம் வகுப்பில் கணிதத்தில் தட்டுத் தடுமாறித் தேறியது அவர் வாழ்வின் பெரிய அவமானம் என்று நம்பிக்கொண்டிருந்தவர். இங்கே தொடக்கப் பள்ளி ஆசிரியராக விரும்பினார். அதற்கு இந்நாட்டின் பதினாறு வயதுத் தேர்வான ஜிசிஎஸ்இயில் கணிதம் தேற வேண்டும். 2006 செப்டம்பரில், முப்பத்தெட்டு வயதில், மகள் படிக்கும் பள்ளியில் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்தார். முதல் நாள் மகளிடம் சொல்லக்கூட இல்லை. உடற்பயிற்சிக்குப் போவதாகச் சொன்னார். இரண்டாம் வாரம் மகள் கணிதப் பாடத்துக்கு உட்காரும் அறையே மாலையில் அம்மாவின் அறை என்பது தெரிந்துபோயிற்று. பலகையில் அழிக்காமல் விட்டிருந்த பின்னக் கணக்கு காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் இருவரும் ஒரே பாடத்தைப் பற்றிச் சண்டையிடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

வகுப்பு ஏழு முதல் ஒன்பது. எட்டு மணிக்கு இருபது நிமிடம் தேநீர் இடைவேளை. எல்லா வகுப்பினரும் ஒரே கூடத்துக்கு வருவார்கள். அங்கேதான் முன்பு நான் பார்த்த களிமண் பெரியவர் மனைவிக்குப் பழக்கமானார். காகித ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவியை இழந்தவர். அதே கல்லூரியில் நாற்பதுகளின் இறுதியில் படித்தவர். கிராமர் பள்ளிக்கான தேர்வில் தான் தேறவில்லை, தம்பி தேறினான், தம்பி திரும்பி வரவேயில்லை என்பதை எந்த வருத்தமும் இல்லாமல் சொல்வாராம். அல்ஜீப்ராவில் சந்தேகம் கேட்டால், தேநீர்க் கோப்பைகளை நகர்த்திவைத்தே சமன்பாட்டை விளக்குவார். வகுப்பு ஆசிரியர் சொன்னதைவிட அது நன்றாகப் புரிந்தது என்று மனைவி சொல்லியிருக்கிறார்.

அந்த ஆண்டுகளில்தான் முதியோர் கல்விக்கான அரசுப் பணம் திசை திருப்பப்பட்டுக்கொண்டிருந்தது. வேலைக்கு உதவும் அடிப்படைத் திறன்களுக்கு முன்னுரிமை; பொழுதுபோக்கு என்று வகைப்படுத்தப்பட்ட வகுப்புகள் தங்கள் செலவைத் தாங்களே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். மனைவியின் கணித வகுப்புக்குக் கட்டணம் இல்லை. மட்பாண்ட வகுப்பின் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. ஆட்கள் குறைந்தார்கள். குறைந்ததால் மறுபடியும் ஏறியது. 2007 கோடையில், அடுத்த பருவத்துக்கு அந்த வகுப்பு இல்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள்.

இதை மனைவி வந்து சொன்னபோது நான் என்ன சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. "பானை செய்யக் கத்துக்கிறதுக்கு என் வரிப்பணம் எதுக்கு?" என்றேன். நியாயமான கேள்வி என்றே அப்போது நினைத்தேன். கணிதம் வேலை தரும். பானை என்ன தரும்? மனைவி பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "எனக்கு அல்ஜீப்ரா வந்தது பானையாலதான்" என்றார். நான் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

மோரிஸின் அறிக்கையைப் பிற்பாடு மறுபடி படித்தபோது அந்த வாக்கியம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. அவர் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ்க் கொண்டுவந்தது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. எது பயனுள்ளது எது பயனற்றது என்று பிரித்துக் கணக்கெழுத முடியாதபடி செய்வதற்காகவும்தான் என்று எனக்குப் படுகிறது. ஒரே வார்டன், ஒரே நடைக்கூடம், ஒரே தேநீர்க் கூடம். அந்தக் கணக்கைப் பிரித்து எழுத ஆரம்பித்த உடனே கட்டடம் இரண்டாகிவிடுகிறது, ஒரு செங்கல்லைக்கூட அசைக்காமல். 1988ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளியின் நிதியைப் பள்ளியின் கையில் கொடுத்தது. அது மாணவர் தலைக்கு இவ்வளவு என்று வரும் பணம், பெரியவர்களுக்கானது அல்ல. 1992 முதல் தேர்வு முடிவுகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார்கள். பட்டியலில் பாட்டியின் தையலுக்குக் கட்டம் இல்லை. 2010ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் இந்தக் கல்லூரிகள் மாவட்ட நிர்வாகத்திலிருந்தே விலகி, தனி அறக்கட்டளைகளின் கீழ் 'அகாடமி' ஆயின. பல இடங்களில் வார்டன் என்ற பட்டம் போய் 'முதல்வர்' வந்தார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனித்தனியாகப் பார்த்தால் காரணம் உண்டு. நல்ல காரணமே கூட.

மோரிஸ் மீது எனக்கு முழு பக்தி இல்லை. கிராமத்து மக்களுக்கு எது அழகு என்பதை அவர்களைக் கேட்காமல் தானே முடிவு செய்தவர் அவர். அசிங்கமான திரைச்சீலையைப் பார்த்தாலே முகம் சுளிக்கும் மேட்டிமை அவரிடம் இருந்தது. கூலி விவசாயியின் களைப்பைப் பற்றி அவர் அறிக்கையில் அதிகம் இல்லை. பகல் முழுவதும் பீட்ரூட் பிடுங்கியவன் மாலையில் சைக்கிள் மிதித்து வந்து இசை கேட்பான் என்று நம்புவதற்கு ஒரு வகைக் குருட்டுத்தனம் வேண்டும். ஆனால் சிலர் வந்தார்கள். அதுவும் உண்மை.

மனைவி 2007 ஆகஸ்டில் 'பி' தரத்தில் தேறினார். இப்போது பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆசிரியர். அந்தச் செப்டம்பரில் முடிவைச் சொல்ல இனிப்பு எடுத்துக்கொண்டு தேநீர் நேரத்துக்குப் போனார். பெரியவர் இல்லை. வகுப்பு இல்லாதவர் எதற்கு வருவார் என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது. பிறகொரு நாள் கடைவீதியில் பார்த்து விஷயத்தைச் சொன்னபோது, வீட்டுக்குக் கூட்டிப்போய், கடைசி வகுப்பில் செய்ததாக ஒரு ஜாடியைக் கொடுத்தார்.

மகள் படித்து முடித்து, நாங்களும் அந்தக் கிராமத்தை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்து வருடங்களாகிவிட்டன. சென்ற குளிர்காலத்தில் அவ்வழியே காரில் வந்தபோது மணி ஏழு. பள்ளியைச் சுற்றி உயரமான பச்சைக் கம்பிவேலி. வாசலில் எண்களை அழுத்தித் திறக்கும் பூட்டு. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு, அதில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. விளையாட்டரங்கத்தில் மட்டும் விளக்கெரிந்தது. யாரோ பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். மனைவி காரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். மாடியில் இடமிருந்து மூன்றாவது ஜன்னலைக் காட்டி, அதுதான் எங்கள் அறை என்றார். 'எங்கள்' என்றது அவரையும் மகளையும் சேர்த்து.

அந்த ஜாடியில் கல்லுப்பு போட்டு வைத்திருக்கிறோம். மூடி ஒரு பக்கமாகத்தான் உட்காரும். மழைக்காலத்தில் உப்பு கசிகிறது என்று நான் மாற்றச் சொல்லும்போதெல்லாம் மனைவி ஒன்றும் சொல்லாமல் துடைத்து அதே இடத்தில் வைக்கிறார்.